முதல் சொம்பு

எங்கள் காலனி வாசலில் ஒரு தண்ணீர் இயந்திரம் நிற்கிறது. நீலப் பெட்டி. மேலே பெரிய எழுத்தில் ராமசுவாமியின் கம்பெனிப் பெயர். கீழே சின்ன எழுத்தில், தமிழிலும் தெலுங்கிலும், 'சுபாஸ்ரீ நினைவாக'. சுபாஸ்ரீ என் மனைவி. அவளைக் கொன்ற விஷத்தை நிலத்துக்குள் இறக்கியவர் ராமசுவாமி.

ஹப்சிகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். கேனோடு நிற்கும் பெண்கள் எனக்கு வழி விடுவார்கள். என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நாச்சாரம் தொழிற்பேட்டையின் கடைசிச் சுவர்தான் காலனியின் முதல் சுவர். அந்தப் பக்கம் மாத்திரைகளுக்கு மூலப்பொருள் செய்யும் ராமசுவாமியின் தொழிற்சாலை. இந்தப் பக்கம், ரயில்வே பணிமனை வேலைக்காக எப்போதோ வட ஆற்காட்டிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள். காலனிக்கு ஒரே ஒரு போர், ஆழ்குழாய்க் கிணறு. அதன் தண்ணீர் தரைக்கடியில் உள்ள தொட்டிக்கு வந்து, அங்கிருந்து வீடுகளுக்குப் போகும். ஒரு கோடையில் அது மஞ்சளாக வந்தது. மழைக்காலத்திலும் வெளுக்கவில்லை. பிறகு நாறியது.

தொழிற்சாலைக்குள் வற்றிப்போன பழைய போர் ஒன்று இருக்கிறது, கழிவை மோட்டார் வைத்து அதற்குள் இறக்குகிறார்கள் என்று காலனியில் எல்லோருக்கும் தெரியும். பாதி வீட்டு ஆண்கள் அங்கேதான் வேலை பார்த்தார்கள். அந்தப் போர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது.

சுபா அந்தக் காலனியில் பிறந்தவள். மல்காஜ்கிரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பெண்களைக் கூட்டியது அவள்தான். கோஷம் போட்டால் புருஷன் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். "சரி, கத்த வேணாம். துணி காயப் போடுங்க. அதுக்கு யாரு இன்னா கேக்க முடியும்?" என்றாள். ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் ஒரு வெள்ளைத் துணி கட்டினார்கள். வெள்ளிக்கிழமை அதை அவிழ்த்து, மஞ்சளும் கறுப்புமாக, தொழிற்சாலைச் சுவரில் காயப் போட்டார்கள். வாரா வாரம். மேலாளர் வந்து கேட்டதற்கு ஒருத்தி, "உங்க செவுத்துல வெயிலு நல்லா அடிக்குது சார்" என்றாளாம். சுபா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு மாசி மாதம், தொட்டியின் மூடியைத் திறந்து பாட்டிலில் தண்ணீர் எடுக்கக் குனிந்தாள். உள்ளே விஷ ஆவி தேங்கியிருந்தது. விழுந்துவிட்டாள். 'நீரில் மூழ்கி மரணம்' என்று எழுதினார்கள். தொட்டியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சுவர் முழுக்கத் துணி. காலனி சொசைட்டி பெயரில் வழக்குப் போட்டோம். பிறகு நீலப் பெட்டி வந்தது. நல்ல தண்ணீர் வந்தது. துணிகள் குறைந்தன. சில வாரங்கள் என் மாமியாரின் துணி மட்டும் தொங்கியது.

*

அவள் போய் இரண்டாவது ஆடி பிறந்ததும் பாபு வந்தான். சுபாவின் சித்தப்பா மகன். தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காலனி சொசைட்டிக்குச் செயலாளரும் அவன்தான். நாங்கள் காதர் பாயின் கடையில் உட்கார்ந்திருந்தோம். அப்துல் காதர் மோட்டார் சுற்றிக் கொடுப்பவர். வாணியம்பாடிக்காரர். போராட்டக் குழு என்று அப்போது மிஞ்சியிருந்தது அவரும், என் மாமியார் தாயம்மாளும், நானும்தான்.

"மச்சான், உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான் பாபு. "மூணாவது ஞாயிறு அம்மனுக்குக் கூழு ஊத்தறோம் இல்ல, முதலாளி வர்றாரு. பின் சந்துக்கு ரெண்டாவது மிஷினு குடுக்கறாரு. கூழு குடிச்ச கையோட, கேஸை வாபஸ் வாங்கறோம்னு சொசைட்டி சார்பா மைக்கில சொல்லிடலாம்னு முடிவு."

"யாரு எடுத்த முடிவு?" என்றார் காதர் பாய். "காலனி எடுத்ததா, உன் ஷிப்டுல எடுத்ததா?"

"பாய், கம்பெனிய மூடிட்டா நீ மோட்டாரு சுத்தித் துன்னுவ. நாங்க எங்க போய் உலை வெக்கறது?"

"உலை வெக்க மொதல்ல தண்ணி வேணும் பாபு."

"அதான் மிஷினு குடுத்துட்டாரே."

"ஹவ், ஆமா. குடுத்தாரு. செத்த பொண்ணு பேரை ஒட்டிக் குடுத்தாரு. இந்த மிஷினு கதையெல்லாம் எங்கிட்ட நக்கோ, வேணாம்."

பாபு என்னைப் பார்த்தான். "நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா மச்சான்? அவ எனக்கும் தங்கச்சிதான். எனக்கு மட்டும் வலிக்காதா?"

"முதல் சொம்பு யாருக்கு?" என்று கேட்டேன்.

"இது இன்னா கேள்வி? அவருக்குத்தான். வருசா வருசம் பெரியம்மா கையால வாங்கிக் குடிக்கறாரே. தமிழ் ஆளுங்க கோயிலுன்னு எவ்ளோ மரியாதி வெச்சிக்கீறாரு."

அவன் போனதும் காதர் பாய் ஸ்பேனரைக் கீழே போட்டார். "அன்னிக்கு நான் மைக்கப் புடுங்கிப் பேசறேன்."

"அம்மன் கோயில்ல பாய்க்கு இன்னா மைக்கும்பானுங்க" என்றாள் அத்தை தாயம்மாள்.

"நாப்பது வருசமா கூழு குடிக்கறேன், அப்பல்லாம் ஒருத்தனும் கேக்கல?"

"குடிக்கத்தான வந்த, அண்டாவயா கழுவ வந்த? அதான் கேக்கல."

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அத்தை என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "வாபஸ் வாங்கிட்டா முடிஞ்சுது மாப்ளே. எம் பொண்ணு தண்ணில வுழுந்து செத்தவளாவே போய்டுவா" என்றாள்.

அது எனக்குத் தெரிந்திருந்தது. வழக்கினால் என்ன கிடைத்துவிடும் என்பதும் தெரிந்திருந்தது. தேதிகள் விழும். ராமசுவாமி சாப்பிடுவார், தூங்குவார், பேரன் பேத்தி எடுப்பார். எனக்கு அது போதவில்லை.

*

சுபாவின் போனில் ஒரு படம் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய ஆடி. மஞ்சள் பூசிய மண்பானை, கழுத்தில் வேப்பிலை. அத்தை ஒரு சொம்பை நீட்டுகிறாள். ராமசுவாமி குனிந்து இரு கைகளாலும் வாங்குகிறார். பின்னால் சுபா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி.

நான் நாகர்கோவில்காரன். எங்கள் வீட்டில் ஆடிக்குக் கூழ் ஊற்றும் வழக்கம் இல்லை. கல்யாணமான வருடம், புது மாப்பிள்ளை ஆடியில் பெண் வீட்டில் இருக்கக்கூடாது என்று என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆடியில் எங்கள் வீடு துக்க வீடு. கூழ் ஊற்றுவதை நான் பார்த்ததே இல்லை. அந்தப் படத்தில் பார்த்ததுதான். அத்தையின் பானை, அதிலிருந்து முதல் சொம்பு, ராமசுவாமியின் வாய். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நான் வேலை செய்வது உணவுப் பரிசோதனைக் கூடத்தில். எங்கள் தொட்டித் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாலை வேளைகளில் அதை மாடியில் எங்கள் வீட்டு அடுப்பில் வைத்துச் சுண்டவைத்தேன். சுபா ஆசைப்பட்டு வாங்கிய அடுப்பு. நாற்றம் ஆவியோடு போனது. போகாதவை அடியில் தங்கின. திரும்பத் திரும்ப ஊற்றினேன்.

ஒரு சொம்பு குடித்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் குமட்டும். பிறகு மெதுவாகச் சிறுநீரகம். மருத்துவமனை மாற்றி மருத்துவமனை. காரணம் தெரியாது. யாராவது ஒரு டாக்டர் ஏதாவது எழுதுவார். ராமசுவாமிக்கும் ஒரு பொய்யை எழுதிக் கொடுப்பார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

மீதிப் பானையை, நான் தூக்கி வருகிறேன் என்று வாங்கிக் கவிழ்த்துவிடுவது என்று வைத்திருந்தேன். வேறு யாரோடும் எனக்குப் பகை இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை புளிக்க வைத்திருந்த கேழ்வரகு மாவைக் கரைத்துவிட்டு, "மிஷினுல ஒரு கேனு புடிச்சாந்துடு மாப்ளே" என்றாள். கேனோடு வெளியே போனேன். மாடிக்குப் போய், நான் வைத்திருந்ததைக் கேனில் ஊற்றி எடுத்து வந்தேன். அவள் நொய்யை வேகவிட்டு, மாவை ஊற்றிக் கிளறினாள். புளித்த வாசனை வீடெங்கும் எழுந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கரண்டி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு பார்க்க மாட்டீங்களா அத்தை?"

"அம்மனுக்கு வெக்கறத எச்சி பண்ணுவாங்களா? நல்லாக் கேட்ட போ." கிளறிக்கொண்டே, "அவ இருந்திருந்தா உனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருப்பா. ஒரு ஆடி கூட சேந்து பாக்க உடல உங்கள" என்றாள்.

கேட்டது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அவளும் வாயில் வைக்க மாட்டாள்.

*

ஞாயிறு காலை ரயில் பாதை ஓரம் தீன்மார் மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலம் புறப்பட்டது. பெண்கள் தலையில் பானைகள், பானைகளில் வேப்பிலை. தெலுங்குக்காரர்கள் சிலரும் தங்கள் அம்மன் படையலான போனத்தைச் சுமந்து கூடவே வந்தார்கள். அத்தை எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். நான் பானையின் மேல் கண்ணை வைத்து நடந்தேன்.

ராமசுவாமி செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார். வெள்ளைச் சட்டை. நெற்றியில் திருநீறு. நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நல்லாருக்கீங்களா? சாப்பாடெல்லாம் எப்படிங்க?"

"அத்தை சமைக்கறாங்க."

"ரொம்ப இளைச்சுட்டீங்க. வயசு கெடக்குதுங்க. எத்தனை நாளைக்கு இப்படி இருப்பீங்க? சொல்லுங்க, எங்க ஊர்ப்பக்கம் நானே ஒரு நல்ல பொண்ணாப் பாக்கறேன்."

அவர் கை வெதுவெதுப்பாக இருந்தது. உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. "கூழ் குடிச்சுட்டுப் பேசலாம் சார்" என்றேன்.

பந்தலில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மைக்கில் பாபு. அவன் மனைவி லலிதா பானையோடு வரிசையில் நின்றாள். சன்னதிக்கு முன்னால் ஒரு பெரிய அண்டா, வாயைச் சுற்றி வேப்பிலை கட்டி வைத்திருந்தது. தண்ணீருக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

அத்தை பானையை இறக்கினாள். சொம்பை எடுக்கவில்லை. பானையை இரண்டு கையாலும் தூக்கி அண்டாவின் விளிம்பில் வைத்தாள். பின்னாலிருந்த பெண்களும் பானைகளை இறக்கிக்கொண்டு நெருங்கினார்கள்.

அப்போதுதான் புரிந்தது. எல்லா வீட்டுக் கூழும் ஒரே அண்டாவில் போகிறது. கலந்த பிறகுதான் முதல் சொம்பு. பிறகு குழந்தைகளுக்கு. பிறகு எல்லோருக்கும். அந்தப் படத்தில் அண்டா விழவில்லை.

நான் தாண்டிக் குதித்தேன். யாரையோ இடித்தேன். பானையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். தீன்மார் நின்றது.

"ஊத்தாதீங்க அத்தை."

"இன்னா மாப்ளே? கைய எடு. எல்லாரும் பாக்கறாங்க."

"ஊத்தாதீங்க."

"ஏன் தம்பி? இன்னா ஆச்சு?" என்று காதர் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

முழுவதையும் சொன்னால் நான் கொலைகாரன், வழக்கும் அதோடு முடிந்தது. பாதியைச் சொன்னேன்.

"இது நம்ம போர் தண்ணியில செஞ்ச கூழ்."

"மிஷினுல புடிச்சாந்தேன்னியே நேத்து?" என்றாள் அத்தை.

"இல்ல. தொட்டித் தண்ணி."

அவள் என் கண்ணைப் பார்த்தாள். பிறகு பானையின் கழுத்தை விடாத என் கைகளை. பிறகு நாற்காலியில் இருந்தவரை. அவளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பானையை அண்டாவிலிருந்து விலக்கித் தரையில் வைத்தாள். சொம்பை எடுத்து முக்கினாள். மூச்சு விடும் நேரத்தில் ராமசுவாமியின் முன்னால் நின்றாள்.

"ஐயா, மொத சொம்பு."

"என்னங்கம்மா இது? ஏதோ தண்ணின்னு சொல்றாரு தம்பி..."

"ஆமாங்க. உங்க செவுத்துக்கு இந்தப் பக்கத்துத் தண்ணி. நல்ல தண்ணின்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்தீங்க இல்ல? நல்ல தண்ணில செஞ்ச நல்ல கூழு. அம்மன் கூழு. வேணான்னு சொல்லக்கூடாது."

"எனக்குச் சர்க்கரைங்கம்மா. டாக்டரு கண்டதையும் குடிக்கக்கூடாதுன்னுட்டாரு."

"முன்னெல்லாம் குடிச்சப்ப சக்கரை இல்லியா?"

"கேவுறு சக்கரைக்கு நல்லதாச்சே!" என்று வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள். பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் சிரிக்கவில்லை. அவர்கள் முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராமசுவாமி எழுந்தார். பாபு மைக்கை வைத்துவிட்டு ஓடிவந்தான். அவன் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"பெரியம்மா, பெரிய மனுசங்கள நிக்க வெச்சி அசிங்கப்படுத்தாத. குடு இப்டி. நான் குடிக்கறேன். இத்தினி வருசமா அங்கியே நின்னு வேலை பாக்கறேன், செத்தா பூட்டேன்? எல்லாரும் பாத்துக்குங்க!"

சொம்பைப் பிடுங்கி உயர்த்தினான். உதட்டுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினான். சொம்பின் விளிம்புக்கு மேலே கண்ணை உயர்த்தி முதலாளியைப் பார்த்தான்.

ராமசுவாமி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். சொம்பைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தலையசைப்புக்கூட இல்லை. பாபு குடித்துவிட்டால் நல்லது என்று அவர் காத்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பந்தலில், அந்தச் சொம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர், ராமசுவாமியும் நானும். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். தட்டிவிட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். தெரியவில்லை.

தட்டிவிட்டவள் லலிதா. சொம்பு பறந்துபோய் விழுந்தது. பாபுவின் சட்டையெல்லாம் கூழ்.

"வேணாம்னு ஒரு வார்த்தை வருதா பாத்தியா அந்த மனுசன் வாயிலருந்து?" என்றாள். "அவருக்காக சாவறியா? ரெண்டு புள்ளைய யார் தலைல கட்டிட்டுப் போவ? அவரு மிஷினு குடுப்பாரு. உம் பேரை ஒட்டி."

பாபு சட்டையைத் துடைத்துக்கொள்ளவில்லை. "ஐயா" என்றான். சின்னக் குரலில்தான் சொன்னான். மேளம் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "குடிக்காத பாபுன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்யா."

"பாபு, அப்புறம் பேசலாம். கார எடுக்கச் சொல்லு."

பாபு நகரவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "பாயிலர் ரூமுக்குப் பின்னால. உப்பு மூட்டை அடுக்கி வெச்ச எடத்துல, கீழ இரும்புத் தகடு. அதுக்கு அடியில போரு. மூட்டைய அடுக்கினது நான்தான்."

*

ராமசுவாமி காருக்கு விரைந்தார். அவருக்கு முன்பே பெண்கள் அங்கே போய்விட்டார்கள். காரின் முன்னால் வரிசையாகப் பானைகளை இறக்கி வைத்தார்கள். பின்னாலும் வைத்தார்கள். நகர்ந்து நின்றுகொண்டார்கள். யாரும் காரைத் தொடவில்லை.

"எடு வண்டிய" என்றார் ராமசுவாமி.

டிரைவர் கைகூப்பி இறங்கிவிட்டான். "அம்மவாரு சார். நா வல்ல காது." அம்மன் பானையை இடித்துக்கொண்டு போக அவனால் முடியாதாம்.

சுபா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். துணி காயப் போட்டது மாதிரிதான். பானையை இறக்கி வைத்ததற்கு யார் என்ன கேட்க முடியும்?

காலனி முழுக்கத் தொழிற்சாலை வாசலுக்குப் போனது. பாபு முன்னால். காவலாளி அவனைப் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டான். ஆண்கள் மூட்டைகளை இழுத்துப் போட்டார்கள். தகடு. தகட்டுக்குக் கீழே குழாய். குழாய்க்குள் போகும் பச்சை ஹோஸ். நாற்றம் முகத்தில் அடித்தது. எங்கள் தொட்டியின் நாற்றம். நான் குனிந்து பார்த்தேன். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட இல்லை அந்த ஓட்டை.

ஒருவன் கடப்பாரையை ஓங்கினான். காதர் பாய் அவன் கையைப் பிடித்தார். "நக்கோ. ஒரு திருகாணியக்கூடத் தொடாதீங்க. உடைச்சா நாம ரௌடி. உடைக்காம உக்காந்தா அவன் திருடன். உக்காருங்க." போனில் எல்லாவற்றையும் படம் பிடித்து நேரலையில் விட்டார். பெண்கள் போரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் வரும்வரை முறைபோட்டு உட்கார்ந்தார்கள். யாரோ வீட்டுக்குப் போய்க் குழாய்த் துணிகளை அவிழ்த்து வந்து, இந்த முறை சுவரின் உள்பக்கம் காயப் போட்டார்கள்.

என்னைக் கேட்டிருந்தால் ராமசுவாமியின் தலையை அந்த ஓட்டையில் அழுத்தச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் அத்தை பானையை என் முன்னால் வைத்தாள். ஒரு சொம்பு மட்டும்தான் குறைந்திருந்தது.

"இன்னா கலந்த?"

சொன்னேன்.

"அண்டால ஊத்தியிருந்தா?"

பானையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் அழவில்லை. வாசல் குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவன் செத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றாள். "படம் வெச்சி மாலை போட்டிருப்பானுங்க. நல்ல மனுசன், கூழு குடிச்ச மறுவருசம் பூட்டான்னு அழுதிருப்பானுங்க. அவன் பேருல இன்னொரு மிஷினு வெச்சிருப்பானுங்க. அதுவா வேணும் உனக்கு?"

"உங்களுக்கு என்ன வேணும்?"

"அவன் இருக்கணும். கை காலு நல்லா இருந்து, காது நல்லாக் கேட்டு, வருசா வருசம் அவனுக்கு ஆடி வரணும்."

அவள் சொன்னபோதுதான், எனக்கும் இவ்வளவு நாள் வேண்டியிருந்தது இதுதான் என்று தெரிந்தது. பானையை அப்படியே ஒரு டிரம்மில் வைத்து மூடி, பரிசோதனைக் கூடத்தின் கழிவோடு அனுப்பினேன். காலனி வாசலுக்குப் போய், நீலப் பெட்டியிலிருந்து சுபாவின் பெயரைச் சுரண்டி எடுத்தேன். கம்பெனிப் பெயரை விட்டுவைத்தேன். அது இருக்கட்டும்.

*

தொழிற்சாலைக்குச் சீல் வைத்தார்கள். ராமசுவாமி உள்ளே போனார், ஜாமீனில் வந்தார். வழக்கை வாபஸ் வாங்கவில்லை. பெரிதாக்கினோம். மூடியிருக்கும் காலமெல்லாம் தொழிலாளிகளுக்குச் சம்பளம், நிலத்தைச் சுத்தம் செய்யும் செலவு, தொழிற்பேட்டையில் உள்ள ஒவ்வொரு பழைய போரையும் அந்தந்தக் காலனி ஆட்கள் முன்னால் திறந்து காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். முதல் சாட்சி பாபு. சுவரை ஒட்டிய மற்ற காலனிகளுக்கு லலிதாவும் பெண்களும் போகிறார்கள். குழாயில் துணி கட்டச் சொல்லித் தருகிறார்கள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் தொழிற்பேட்டைச் சுவர் நீளத்துக்கு மஞ்சள் துணி தெரிகிறது. சில முதலாளிகள் தாங்களாகவே வந்து போரைத் திறந்து காட்டுகிறார்கள். பயம்தான். எனக்கு அந்தப் பயம் பிடித்திருக்கிறது.

இந்த ஆடி பிறந்ததும் நான் ராமசுவாமியின் வீட்டுக்குப் போனேன். ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், கோயில் அழைப்பு. அவரே வந்து கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். அடையாளம் தெரிந்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"தம்பி, நான் செஞ்சது தப்புதானுங்க. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன். விட்டுருங்க."

"சாப்பாடெல்லாம் எப்படிப் போகுது சார்?" என்று கேட்டேன்.

தட்டை நீட்டினேன். அம்மன் அழைப்பு. வாங்காமல் இருக்க முடியாது. இரண்டு கையாலும் வாங்கினார்.

"மூணாவது ஞாயிறு. எல்லாருக்கும் மிஷின் தண்ணியில கூழ். உங்களுக்கு மட்டும் போர் தண்ணி, தனிப் பானையில. ஒண்ணும் கலக்கல. நீங்க விட்டது மட்டும்தான் இருக்கும். குடிக்க வேணாம். வந்து கையில வாங்கிட்டு நிக்கணும். வரலைன்னா நாற்காலியில சொம்பை வெச்சு உங்க பேரை மைக்கில கூப்பிடுவாங்க. பாபுதான் கூப்பிடுவான்."

"எத்தனை வருசத்துக்கு?" என்றார்.

"தண்ணி வெளுக்கற வரைக்கும்" என்றேன். படியிறங்கினேன்.